குமரியும் தருமபுரியும்: படிப்பு எந்தக் கட்சிக்கு ஓட்டு போடும்?

2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37-ஐ அ.தி.மு.க. தனியாக நின்றே அள்ளிக்கொண்டு போனது. தப்பியவை இரண்டே இரண்டு. கன்னியாகுமரியில் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன், தருமபுரியில் பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸ். இரண்டு பேரும் அந்தத் தேர்தலில் ஒரே கூட்டணி. இப்போது 2011 மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். மாநிலத்திலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் கன்னியாகுமரி, 91.75 சதவீதம். கடைசி இடம் தருமபுரிக்கு, 68.54 சதவீதம். முதல் பெஞ்சும் கடைசி பெஞ்சும் ஒரே பக்கம் கை தூக்கியிருக்கின்றன, நடுவில் இருந்த மொத்த வகுப்பும் இன்னொரு பக்கம். (தருமபுரி மக்களவைத் தொகுதியும் தருமபுரி மாவட்டமும் அப்படியே ஒன்றல்ல, சேலத்து மேட்டூரும் அதில் சேரும். ஆனாலும் விஷயம் மாறப்போவதில்லை.)

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் ஒரு பேச்சு கிளம்பும். படிச்சவன் இருக்கிற ஊர்ல இந்தக் கட்சி ஜெயிக்காது, ஏழை இருக்கிற ஊர்லதான் அந்தக் கட்சி ஜெயிக்கும், காசுக்கும் இலவசத்துக்கும் ஓட்டு போடுற ஜனம் என்று. யார் தோற்றார்களோ அவர்கள் சொல்வார்கள். கட்சி மாறும், வாக்கியம் மாறாது. இதில் எனக்குள்ள தகராறு இரண்டு. ஒன்று, ஏழையின் ஓட்டை மட்டும் சந்தேகிக்கிற மேட்டிமை. இரண்டு, அது வரலாறாகவே தப்பு. எழுத்தறிவு, வறுமை, ஆயுள் இதெல்லாம் ஒரு வட்டாரத்தின் அரசியலோடு சம்பந்தப்பட்டவைதான். ஆனால் சதவீதக் கணக்கு வழியாக அந்தச் சம்பந்தம் பிடிபடாது. அந்த ஊரில் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் யார் கட்டினார்கள், எந்தச் சண்டையின் நடுவில் கட்டினார்கள், கட்சி அதற்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று கேட்டால்தான் பிடிபடும். குமரியை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஓட்டுக் கணக்கு. 1952-இல் நாகர்கோவில் தொகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. ஜெயித்தவர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் நேசமணி. 1957-இல் காங்கிரசின் தாணுலிங்க நாடார். 1962, 1967 இரண்டிலும் மறுபடி நேசமணி, இப்போது காங்கிரசில். இந்த 1967-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். தி.மு.க. நின்ற 25 மக்களவைத் தொகுதிகளிலும் ஜெயித்த வருஷம் அது, மாநிலம் முழுக்கக் காங்கிரசுக்குக் கிடைத்தது மூன்றே இடம். அந்த மூன்றில் ஒன்று நாகர்கோவில். சொந்த ஊர் விருதுநகரில் தோற்ற காமராஜரை, நேசமணி காலமான பிறகு 1969-இல் நடந்த இடைத்தேர்தலில் டெல்லிக்கு அனுப்பியதும் இதே தொகுதிதான். 1971-இல் பழைய காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே இடமும் இதுவே. பிறகு குமரி அனந்தன், அவருக்குப் பின் ரொம்ப காலம் டென்னிஸ். 1999-இல் பா.ஜ.க., 2004-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின். தி.மு.க. இந்த மக்களவைத் தொகுதியை முதன்முதலில் பிடித்தது 2009-இல், ஹெலன் டேவிட்சன் வழியாக. அ.தி.மு.க. இன்றுவரை பிடிக்கவில்லை. சட்டமன்றத்தில் நிலைமை அவ்வளவு கறார் இல்லை, கிழக்குப் பக்கத்தில் இரண்டு கழகங்களும் ஜெயித்திருக்கின்றன. ஆனாலும் 2016-இல் ஆட்சியைப் பிடித்த அ.தி.மு.க.வுக்கு இந்த மாவட்டத்தின் ஆறு தொகுதியில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஆக, மாநிலத்தில் அதிகம் படித்த மாவட்டம் அரை நூற்றாண்டாக மாநிலத்தோடு ஒட்டாமல் நிற்கிறது. படித்ததால்தான் ஒட்டவில்லையா? இங்கேதான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் 1817-இல் ஓர் ஆணை போட்டார். குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். கேரளக் கல்வி வரலாற்றைப் பேசுகிற எல்லாரும் இங்கேதான் ஆரம்பிப்பார்கள். நல்ல ஆணைதான். ஆனால் சமஸ்தானத்தின் தெற்குக் கோடியில் இருந்த நாடார் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஆணையால் அன்றைக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. சர்க்கார் பள்ளிக்கூடத்தின் திண்ணையைக்கூட அவன் மிதிக்க முடியாது. தலைவரி உண்டு, ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாத வேலை உண்டு, பெண்கள் மாரை மறைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. அவன் எழுத்துக் கற்றது வேறு இடத்தில்.

ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி, லண்டன் மிஷன் சார்பில் 1806-இல் திருவிதாங்கூருக்கு வந்தார். அவரை வரவழைத்தவர் மயிலாடியைச் சேர்ந்த மகராசன் வேதமாணிக்கம், பறையர் சமூகத்துக்காரர். இதை எப்போதும் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், மிஷனரி தானாக வானத்திலிருந்து குதித்த மாதிரி எழுதுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. மயிலாடியில் 1809-இல் ஆலயம் எழுந்தது, கூடவே பள்ளிக்கூடமும் வந்தது. சார்லஸ் மீட் காலத்தில் நாகர்கோவிலில் செமினாரி, அச்சுக்கூடம். மால்ட் தம்பதியர் வந்தார்கள். மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். படிப்போடு கையில் ஒரு வரும்படி. சமஸ்தானத்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்த லேஸ் விஷயத்தைப் பாருங்கள், அதன் கனம் தெரியும்.

படிப்பு வந்ததும் சண்டையும் வந்தது. தோள்சீலைக் கலகம் 1820-களிலேயே ஆரம்பித்து விட்டு விட்டு எரிந்து 1859 வரை போனது. அந்த வருஷம் ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் மேலுடை அணியலாம் என்று மகாராஜா அறிவித்தார், அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. இதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டி வரச் சொல்லி, சேர்ந்து சாப்பிட வைத்து, மதம் மாறாமலே இன்னொரு வழியைத் திறந்தார். நிழல்தாங்கல்கள் வழியாக அதுவும் ஒரு அமைப்பாக வளர்ந்தது. ஆக 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தென் திருவிதாங்கூரின் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு இரண்டு வலுவான வீடுகள் கிடைத்துவிட்டன. சென்னையில் நீதிக்கட்சி உருவாக இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் இருந்தது.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன், இதை எழுதுகிறவர்கள் குறைவு. நெய்யூரில் 1838-இல் ஆர்ச்சிபால்டு ராம்சே மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். நடுவில் நின்றும் தொடர்ந்தும் போனது. 1860-களில் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பு எடுத்தார். பயிற்சி பெற்றவர்கள் கிளை மருந்தகங்களில் உட்கார்ந்தார்கள். இன்று நாம் ஆரம்ப சுகாதார நிலையம் என்று சொல்வதன் ஒரு சின்ன முன்வடிவம் அது. பிறகு நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் கேத்தரின் பூத் மருத்துவமனை. 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல், அந்தப் பயணம் முடிந்து நெய்யூரைப் பார்க்க வந்தவர், அங்கே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்து அங்கேயே டாக்டராக இருக்கத் தீர்மானித்தார். அவர் அதிகம் அறுத்தது வயிறுகளை. குடல்புண் இந்தப் பக்கத்தில் அவ்வளவு சாதாரணம். ஏழைகளின் சாப்பாட்டில் இருந்த குறையையும் காரத்தையும் அதற்குக் காரணமாக அவர் நினைத்தார். அரிசி வாங்க முடியாதவன் மரச்சீனிக் கிழங்கில் வயிறு நிரப்பிய ஊர் இது. அதாவது பைபிள் வாசிக்கத் தெரியும், ஆஸ்பத்திரி நடை தூரத்தில் இருக்கும், வயிற்றில் மட்டும் சோறு இருக்காது. படிப்பும் மருத்துவமும் முந்தி வந்து, பணம் பின்னால் வந்த வட்டாரம். வறுமை, கல்வி, சுகாதாரம் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

சமஸ்தானமும் சும்மா இருக்கவில்லை. 1813-லேயே அம்மை குத்துவதற்குத் தனித் துறை. 1928-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆட்களை வரவழைத்துக் கொக்கிப்புழுக் கணக்கெடுப்பு. வெறுங்காலில் நடக்காதே, கக்கூஸ் கட்டு என்று கிராமம் கிராமமாகப் பிரச்சாரம். வாசிக்கத் தெரிந்த ஊரில் துண்டறிக்கை வேலை செய்யும். எழுத்தறிவு ஆயுளைக் கூட்டுவது இப்படித்தான்.

இந்தப் பின்னணியோடு 1956 நவம்பர் 1-க்கு வாருங்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுக்குள் வந்தன. அதற்காக நடந்த போராட்டம் தமிழுக்கான போராட்டம். 1954 ஆகஸ்ட் 11-இல் பட்டம் தாணுப்பிள்ளை அரசின் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். அந்தச் சூட்டுக்காகத் தன் சொந்தக் கட்சி முதல்வரையே ராஜினாமா செய்யச் சொன்னார் லோகியா. மொழிக்காக இவ்வளவு ரத்தம் சிந்திய ஒரு வட்டாரத்தில் தி.மு.க. வேர் பிடித்திருக்க வேண்டும் அல்லவா? பிடிக்கவில்லை. காரணம் எளிது. அந்தச் சண்டையை நடத்தியது நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், அது பிறகு காங்கிரசில் கலந்தது. எதிரி டெல்லியோ இந்தியோ அல்ல, திருவனந்தபுரம். மொழி உணர்ச்சி ஏற்கெனவே ஒரு கட்சியின் பெட்டியில் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் பள்ளிக்கூடமும் மருந்தும் சோறும் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் சர்க்காரிடமிருந்து. காமராஜர் காலப் பள்ளிக்கூடங்கள், மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, ரேஷன் அரிசி, ஆரம்ப சுகாதார நிலையம், பேறுகால உதவி. தாத்தா கைநாட்டு, பேத்தி நர்ஸ் என்ற அந்தப் பயணத்தில் ஏதோ ஒரு முதலமைச்சரின் முகம் இருக்கும். இதை இலவசத்துக்கு ஓட்டு என்று சொல்வது அற்பம். தன் வீட்டுப் பிள்ளை செத்துப் போகாமல் இருந்ததற்கு யார் காரணம் என்று ஒரு பெண் கணக்குப் போடுகிறாள், அதுதான் நடக்கிறது. குமரியில் அந்தக் கணக்கில் முதலமைச்சரின் முகம் இல்லை. அங்கே பாதிரியார் இருப்பார், சி.எஸ்.ஐ. பள்ளி இருக்கும், நெய்யூர் ஆஸ்பத்திரி இருக்கும், நிழல்தாங்கல் இருக்கும், சமுதாயச் சங்கம் இருக்கும். நன்றி ஏற்கெனவே வேறு முகவரிக்குப் போய்விட்டது. கழகங்கள் வந்து சேர்ந்தபோது கொடுப்பதற்குக் குறைவாகத்தான் மிச்சம் இருந்தது.

அப்படியென்றால் படித்த மாவட்டத்தில் பா.ஜ.க. எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அதே கதையின் மறுபக்கம்தான். பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஒரு மதத்தின் நிறுவனங்களாக இருந்தால், அவை வளர வளர எதிர்ப்பக்கத்திலும் ஒரு கணக்கு எழுதப்படும். வேலை யாருக்குக் கிடைக்கிறது, சீட் யாருக்கு, நிலம் யாருக்கு என்று. 2011-இல் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். ஏறக்குறையப் பாதிப் பாதி. 1982-இல் மண்டைக்காட்டுக் கலவரம், போலீஸ் துப்பாக்கிச்சூடு. அதற்குப் பிறகு கோடு அழுத்தமாக விழுந்துவிட்டது. 1957-இல் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்த தாணுலிங்க நாடார் பின்னாளில் இந்து முன்னணியின் தலைவராக இருந்தார். ஒரே மனிதரின் வாழ்க்கைக்குள் அந்தத் திருப்பம் முழுக்கத் தெரிகிறது. 1996-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குப் போன முதல் பா.ஜ.க. உறுப்பினர் வேலாயுதம், பத்மநாபபுரத்துக்காரர்கள் அனுப்பியவர். எழுத்தறிவு வகுப்புவாதத்தைக் கரைத்துவிடும் என்பது ஒரு நல்ல ஆசை. குமரியில் இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கின்றன.

அதே எழுத்தறிவு, அதே சமஸ்தான மரபு, மேற்கே விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் ரப்பர், முந்திரித் தொழிலாளர்களிடம் பலமுறை மார்க்சிஸ்டுகளை ஜெயிக்க வைத்திருக்கிறது. ஆகப் படிப்பு வலதும் இல்லை, இடதும் இல்லை.

எல்லை தாண்டிக் கேரளத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம், ஏனென்றால் படிப்பு அதிகம், அதனால் கம்யூனிஸ்ட் என்று சொல்வதற்கு எல்லாரும் காட்டுகிற உதாரணம் அதுதான். 1957-இல் கம்யூனிஸ்டுகள் 126-இல் 60 இடம் பிடித்து ஆட்சி அமைத்தார்கள். ஆனால் அவர்களின் மிக உறுதியான கோட்டையான கண்ணூர் இருந்தது பழைய மலபாரில். பிரிட்டிஷ் சென்னை மாகாணத்தின் பகுதியான மலபார், எழுத்தறிவில் திருவிதாங்கூருக்கு வெகுவாகப் பின்தங்கிய வட்டாரம். திருவிதாங்கூரில் 1865-லேயே சர்க்கார் நிலக் குத்தகைக்காரர்களுக்கு உரிமை கொடுத்துவிட்டார்கள், மலபாரில் ஜன்மியே முழு உடைமையாளன் என்று வெள்ளைக்காரச் சட்டம் சொன்னது. அங்கே கட்சியை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் உதவிபெறும் பள்ளிகளின் அரைவயிற்று வாத்தியார்கள் நிறையப் பேர். பள்ளி முதலாளி ஒருவன், சம்பளம் வாங்காத வாத்தியார் இன்னொருவன். அதிகம் படித்த கோட்டயம் பக்கத்திலோ பள்ளி சபைக்குச் சொந்தம், சபைக்குப் பின்னால் சொந்த நிலமுள்ள விவசாயிகள். அங்கே வளர்ந்தது காங்கிரசும், 1964-இல் பிறந்த கேரளா காங்கிரசும். முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா தனியார் பள்ளிகளில் கை வைத்ததும் சபைகளும் மன்னத்து பத்மநாபனின் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் சேர்ந்து விமோசன சமரம் நடத்தின. 1959 ஜூலை 31-இல் ஆட்சி கலைந்தது. ஒரு அரசாங்கத்தை வீழ்த்திய அந்தப் பெரிய சண்டையின் நடுவில் இருந்த கேள்வி, வாத்தியாரை நியமிப்பது யார் என்பது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மாவட்டச் சராசரி என்பது போர்வை மாதிரி, உள்ளே இருப்பதை மறைக்கும். குமரியின் 91.75-க்குள் கடற்கரை ஊர்களும் இருக்கின்றன. சவேரியார் 1544-இல் ஞானஸ்நானம் கொடுத்த கரை, மயிலாடியைவிட இரண்டரை நூற்றாண்டு மூத்த கிறிஸ்தவம். ஆனால் உள்நாட்டுச் சபைகளுக்குக் கிடைத்த பள்ளி, உத்தியோகம் எதுவும் அந்த வேகத்தில் கரைக்கு வரவில்லை. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்களைத் தேட ஆள் வரவில்லை என்ற கோபம், இனயம் துறைமுகத்துக்கு எதிரான கோபம், இரண்டும் சேர்ந்து 2019-இல் கரையோர ஓட்டைத் திருப்பியதில் பெரிய பங்கு வகித்தன என்றே நினைக்கிறேன். அந்த ஓட்டை எழுத்தறிவு அட்டவணையில் தேடினால் கிடைக்காது.

தருமபுரிக்கு வருகிறேன், அங்கிருந்துதானே ஆரம்பித்தோம். குமரியின் கதையைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும் அது. இங்கே மிஷன் பள்ளிகளின் அடர்த்தி இல்லை, நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு, பல்லும் எலும்பும் கெட்ட தலைமுறைகள். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வர வேண்டியிருந்தது, அதுவும் 2013-இல்தான் திறந்தது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் வட மாவட்டங்களில் ஒரு வாரம் சாலைகளை மறித்தது. 21 பேர் செத்தார்கள். கேட்டது என்ன? கல்லூரியில் இடம், அரசு வேலையில் இடம். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் கிடைத்தது, அதே வருஷம் பா.ம.க. பிறந்தது. குமரியில் பள்ளிக்கூடம் முதலில் வந்தது, கட்சிகள் அதன் மேல் வந்து உட்கார்ந்தன. தருமபுரியில் பள்ளிக்கூடம் வராத கோபத்திலிருந்து ஒரு கட்சியே பிறந்தது. 2014-இல் இரண்டும் ஒரே கூட்டணிக்கு ஓட்டு போட்டன, 2019-இல் இரண்டுமே அதைக் கைவிட்டன.